பென்டிரைவில் இருக்கிறது ராத்திரி!

மேடைக்கு முன்னால் நின்று விசிலடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் ஆடல் பாடல் நிகழ்ச்சியில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். மீதிப் பாதி மேடைக்குப் பின்னால் இருக்கிறது. ருசியே அங்கேதான்! தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே வாருங்கள். வயர் காலைத் தடுக்கும், பார்த்து. ஜெனரேட்டர் புகை கண்ணை எரிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். குமாரபாளையத்து இளவட்டங்கள் இன்று ராத்திரி எந்தப் பாட்டுக்கு, எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ஆடப்போகிறார்கள் என்பது இந்த நாலு தார்ப்பாய்க்கு நடுவில்தான் முடிவாகிறது.

முதலில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. காவிரிக்கு அந்தக் கரையில் பவானி, இந்தக் கரையில் குமாரபாளையம். நடுவில் பாலம். பாலத்தைத் தாண்டினால் ஈரோடு மாவட்டம், தாண்டாவிட்டால் நாமக்கல் மாவட்டம். தெருவுக்குத் தெரு விசைத்தறி. லுங்கியும் துண்டும் நெய்கிற சத்தம் ராத்திரியும் ஓயாது. இன்னொரு பக்கம் ஊரைச் சுற்றிப் பொறியியல், மருந்தியல், நர்சிங், பல் மருத்துவம் என்று கல்லூரிகள். ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற தறிக்காரப் பையனும், ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்து வருகிற பையனும் ஒரே மேடைக்கு முன்னால் தோளோடு தோள் நிற்கிற ஊர் இது. மாசியில் காளியம்மனுக்கும் மாரியம்மனுக்கும் காப்புக் கட்டுவார்கள்; தீ மிதிப்பார்கள்; தேர் ஓடும். அதே மாதங்களில்தான் கல்லூரிகளில் கல்சுரல்ஸ், ஹாஸ்டல் டே, ஃபேர்வெல். மாசி பிறந்ததிலிருந்து சித்திரை முடிகிறவரை ஏதாவது ஒரு பக்கம் பேஸ் பாக்ஸ் அதிர்ந்துகொண்டே இருக்கும். எத்தனை உற்சாகமான காலம்!

சரி, பின்கட்டுக்கு வருவோம். வேன் வந்து நின்றிருக்கிறது. ட்ரூப் இறங்கியாயிற்று. வேனின் பக்கக் கண்ணாடிதான் ஒப்பனைக் கண்ணாடி. அதற்கு முன்னால் நாலு பெண்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். ஊக்கு, ஹேர்பின், பான்கேக், பவுடர், மினுமினுப்புப் பொட்டு. ஒரு மூலையில் எம்.ஜி.ஆர். தொப்பியைக் கழற்றாமல் பரோட்டா பிய்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ரஜினி அவருக்குச் சால்னா ஊற்றுகிறார். இந்தக் காட்சிக்கே டிக்கெட் போடலாம்! துணி மூட்டைமேல் ஒரு குழந்தை தூங்குகிறது. அம்மாவுக்கு மூன்றாவது பாட்டு, ஏழாவது பாட்டு, கடைசிப் பாட்டு.

உடை விஷயத்தைக் கிட்டே வந்து பாருங்கள், ஏனென்றால் ஊரில் பாதிச் சண்டை இதைப் பற்றித்தான். தூரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு மேடையில் தொடை தெரிகிறது, இடுப்பு தெரிகிறது. பின்கட்டில் பார்த்தால் தோல் நிறத்தில் உடம்பை ஒட்டிய துணி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை. அதற்கு மேல்தான் ஜிகினாப் பாவாடை. சித்திரை வெயிலின் புழுக்கத்தில், சூடான விளக்குகளுக்குக் கீழே, இரண்டு அடுக்குத் துணியோடு மூன்று மணி நேரம் ஆடுகிறார்கள் இந்தப் பெண்கள். அவர்கள் மூச்சுப் பிடிக்கும் திறமையைப் பார்த்து அசந்துபோனேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குள் உடை மாற்ற அவர்களுக்குக் கிடைப்பது, மைக் பிடித்தவர் ஒரு ஜோக் சொல்லி முடிக்கிற நேரம் மட்டும்தான். ஒருத்தி பின்னலைப் போட, இன்னொருத்தி ஊக்கு குத்த, மூன்றாமவள் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துவிட, நாலாவது பெண் அதற்குள் படியேறிவிடுகிறாள்.

இப்போது ராத்திரியின் உண்மையான ராஜாவைப் பார்க்கலாம். சவுண்டு அண்ணன்! மடக்கு மேசையில் மிக்சர், லேப்டாப், அதில் செருகிய ஒரு பென்டிரைவ். கைவிரல் அளவுப் பொருள். அதற்குள்தான் முழு ராத்திரியும் இருக்கிறது. பாட்டுகளை வரிசையாக எண்ணிட்டு வைத்திருக்கிறார். விழாக்குழுப் பெரியவர் வந்து எட்டிப் பார்ப்பார். "ஏங் கண்ணு, வில்லங்கமான பாட்டு எதும் வந்துறாதுல்ல?" என்பார். "அதெல்லாம் பாத்துக்கறனுங்" என்று பதில் வரும். அவ்வளவுதான் தணிக்கை. பெரியவர் சட்டைப்பையில் மடித்த காகிதம் ஒன்று இருக்கிறதே, அது அனுமதிக் கடிதம். காவல் நிலையத்துக்கு மனுக் கொடுத்து, கிடைக்காவிட்டால் நீதிமன்றம் போய் வாங்கியது.

இந்தக் காகிதம் படிக்கப் படிக்கச் சுவாரசியம். தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாக்களில் ஆடல் பாடல் நடத்த அனுமதி கேட்டு வருகிற மனுக்களை உயர்நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. நிபந்தனைகள் ஏறக்குறைய மனப்பாடமாகவே ஆகிவிட்டன. இரவு பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். ஆட்டத்திலும் உடையிலும் ஆபாசம் கூடாது. மாணவர்கள், இளைஞர்கள் மனதைக் கெடுக்கிற இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது. கட்சி, மதம், சாதியைத் தொட்டு எதுவும் கூடாது. தலைவர்கள் படம் போட்ட ஃபிளெக்ஸ் கூடாது. கலந்துகொள்கிறவர்கள் போதையில் இருக்கக் கூடாது. மீறினால் காவல்துறை அங்கேயே நிறுத்தலாம். மனு கொடுத்து ஏழு நாளில் காவல்துறை முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று 2022-ல் மதுரைக் கிளை சொன்ன பிறகு விழாக்குழுக்களுக்கு ஒரே கொண்டாட்டம். பத்து மணிக் கணக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலிருந்து வருவது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது அளவு. தறிக்கூடத்துக்குள்ளேயே 90 டெசிபல் சர்வசாதாரணமான ஊர் இது! நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் நிற்கிற பையன் மேடை ஓரம் வந்து, "அண்ணா, பேஸ் பத்தலைங்ணா!" என்று கத்தாமல் என்ன செய்வான்?

பேஸ் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு நேரடி எலெக்ட்ரானிக் கச்சேரியில் சோதனை செய்தார்கள். முடிவு 2022-ல் வெளியானது. காதால் கேட்டு உணரவே முடியாத மிகத் தாழ்ந்த ஒலியை ஸ்பீக்கரில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திறந்தும் மூடியும் பார்த்தார்கள். கூட்டத்துக்கு அது தெரியாது. ஆனால் அந்த ஒலி இருந்த நேரங்களில் தலையில் கட்டியிருந்த கருவிகள் 11.8 சதவீதம் கூடுதல் ஆட்டத்தைக் காட்டின! காது கேட்காததை உடம்பு கேட்டிருக்கிறது. நம்ம தவிலுக்கும் பறைக்கும் கால் தானாக எழும்புவதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆக, சவுண்டு அண்ணனின் கட்டைவிரல் நினைத்தால் ஆயிரம் பேரை ஆட வைக்கலாம், ஆற வைக்கலாம். அந்தக் கட்டைவிரலுக்கு யாராவது மரியாதையாகப் பயிற்சி கொடுத்திருக்கிறோமா? இல்லை. மாலை போடுகிற பட்டியலில்கூட அவர் பெயர் கடைசியில்.

விளக்கு அணைகிறது. தொடங்கியாயிற்று! முதலில் பிள்ளையார். அடுத்தது அம்மன் பாட்டு. வேப்பிலையும் சூலமுமாக ஆடி வருகிறவளைப் பார்த்துக் கூட்டத்தில் இரண்டு பேருக்குச் சாமி வந்துவிடும், பூசாரி விபூதியோடு ஓடுவார். பிறகு எம்.ஜி.ஆர். வருவார், சால்னா துடைத்த கையோடு. முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற ஆயாக்களின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்! ஐம்பது வருஷம் கழன்று விழும். சிவாஜி, ரஜினி, கமல், விஜய், அஜித் என்று வரிசை. நடுநடுவே ஊர்ப் பெரியவர்களுக்குத் துண்டு, அன்பளிப்பு அறிவிப்பு, "இன்னார் சார்பாக ஐநூற்றி ஒரு ரூபாய்." பிள்ளைகள் மேடை ஓரத்தில் தானாக ஆடிக்கொண்டிருக்கும். அக்காக்கள் தாளம் போடுவார்கள். குத்துப்பாட்டும் வரும், எல்லோரும் ஆடுவார்கள், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒரு நேரம் வரும். பின்கட்டில் நின்று பார்த்தால்தான் அது பிடிபடும். பாய் சுருட்டும் நேரம்.

ஒன்பது மணி வாக்கில் ஆயாக்கள் எழுந்து பாயை உதறுவார்கள். தூங்கிப்போன பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாக்கள் கிளம்புவார்கள். "வா புள்ள, போலாம்" என்று வயசுப் பெண்களையும் கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள். பாய் இருந்த இடம் காலியாகும். பின்னால் நின்றிருந்த இளவட்டங்கள் அந்த இடத்துக்கு முன்னேறுவார்கள். சவுண்டு அண்ணன் தலையைத் தூக்கி ஒரு தடவை பார்ப்பார். பென்டிரைவில் அதுவரை தொடாத பாட்டுகள் இருக்கின்றன. பாய் சுருட்டிய பிறகு போடுவதற்கென்றே வரிசையில் கடைசியில் வைத்தவை. மைக் பிடித்தவர் குரல் மாறும். அதுவரை தாத்தா பாட்டி ஜோக் சொன்னவர் இப்போது ஆடுகிற பெண்ணைப் பற்றியே பேசத் தொடங்குவார். காய்கறி பெயர், பழத்தின் பெயர், வண்டியின் பாகம் என்று அவர் எதைச் சொன்னாலும் அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கும். கூட்டம் ஊளையிடும். ஐநூறு ரூபாய்த் தாளில் சுற்றி ஒரு துண்டுச்சீட்டு மேடைக்கு வரும், 'அந்தப் பாட்டு' வேண்டும் என்று. செல்போன்கள் உயரும், உயராமல் தாழ்கிறவைதான் ஆபத்து. மேடை விளிம்புக்குக் கீழேயிருந்து மேல்நோக்கிப் பிடித்த கேமராக்கள் அவை.

ஆடுகிற பெண்களுக்கு இதெல்லாம் தெரியும். பழகிய ஆட்டக்காரி விளிம்பிலிருந்து ஆறடி தள்ளியே நிற்பாள். கை நீண்டால் சுழன்று திரும்புகிற சாக்கில் விலகிக்கொள்வாள். பார்ப்பவர்களுக்கு அதுவும் ஒரு ஸ்டெப். பாட்டைச் சீக்கிரம் முடி என்று சவுண்டு அண்ணனுக்குக் கண்ணால் சொல்வாள். நல்ல அண்ணனாக இருந்தால் இரண்டாவது சரணத்தை வெட்டிவிடுவார்.

எனக்கு இங்கேதான் கோபம் பொங்குகிறது. அதே உடைதானே எட்டு மணிக்கும் இருந்தது? அதே இடுப்புதானே ஆடியது? ஆயாக்கள் கைதட்டினார்களே! ஆபாசம் அந்தப் பெண்ணோடு வேனில் வந்து இறங்கவில்லை. அது மைக்கிலும் துண்டுச்சீட்டிலும் தாழ்ந்த செல்போனிலும் வந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் திட்டு வாங்குவது மட்டும் எப்போதும் பாவாடை.

சட்டம் இதை ஊரைவிடத் தெளிவாக எடைபோட்டு வைத்திருக்கிறது, கவனித்தீர்களா? பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசமாக நடந்துகொள்வதும் பாடுவதும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் எண்ணத்தோடு சொல்லும் சொல்லுக்கும் காட்டும் சைகைக்கும் 79-ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை. அவள் அனுமதியில்லாமல் அந்தரங்க உறுப்புகளைப் படம் பிடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ. அதற்கும் மூன்று ஆண்டு வரை. பாட்டுக்கு மூன்று மாதம், பெண்ணை இழிவு செய்வதற்கு மூன்று ஆண்டு! நாக்பூர் பக்கத்துச் சொகுசு விடுதி ஒன்றில் பெண்கள் குட்டைப் பாவாடையில் ஆடியதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்மேல் போட்ட வழக்கை 2023 அக்டோபரில் மும்பை உயர்நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளை ரத்து செய்தது. உடையையும் அசைவையும் மட்டும் வைத்து ஆபாசம் என்று சொல்லிவிட முடியாது என்பது அதன் சாரம். நம் பக்கத்தில் அதே 2023-ல் இன்னொன்று நடந்தது. திருவிழா மேடைகளில் 'குறவன் குறத்தி ஆட்டம்' என்ற பெயரில் ஒரு சமூகத்தின் பெயரையே கொச்சைக்குப் பயன்படுத்தி வந்தார்கள். மதுரைக் கிளை தலையிட்டது, மாநில அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்தது. தீர்ப்புகள் இரண்டும் எதிரெதிராகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் இழிவுபடுகிறார் என்று இரண்டுமே கேட்கின்றன.

இளசுகளின் ஆட்டத்தைப் பார்த்துப் பெருசுகள் பதறுவது புதிதும் அல்ல. 1816-ல் லண்டன் அரண்மனை விருந்தில் வால்ட்ஸ் ஆடியதற்காக 'தி டைம்ஸ்' பத்திரிகை கொதித்துத் தலையங்கம் எழுதியது. இன்று அது பாட்டிமார் கல்யாணத்தில் ஆடுகிற ஆட்டம். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து எல்மோர் சிட்டி என்ற சின்ன ஊரில் நடனத்துக்கே தடை இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் போராடி 1980-ல்தான் முதல் முறையாக ஆடினார்கள். நமக்கு இன்னும் கிட்டே இருக்கிற கதை சதிர். 1930-களின் தொடக்கத்தில் முத்துலட்சுமி ரெட்டியும் ஈ. கிருஷ்ண ஐயரும் அதை வைத்துப் பத்திரிகைகளில் மோதிக்கொண்டார்கள். 1935-ல் ருக்மிணி தேவி அடையாறில் ஆடினார். இப்போது அதே ஆட்டம் பரதநாட்டியமாகப் பள்ளி ஆண்டு விழாவின் முதல் நிகழ்ச்சி. ஆகவே குத்தாட்டத்தைப் பார்த்து உலகம் அழிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். குத்து எனக்கு உயிர்!

பாட்டு வேறு விஷயம். பாட்டில் சொல் இருக்கிறது, சொல்லுக்கு யாராவது பொறுப்பு ஏற்க வேண்டும். திரைப்படத்துக்குத் தணிக்கை உண்டு, 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி. பாட்டு மட்டும் தனியாக இணையத்தில் வந்தால் எந்த வாரியமும் பார்ப்பதில்லை. 2015 டிசம்பரில் சிம்புவின் குரலில் 'பீப் பாடல்' வெளியானபோது எந்தப் படத்திலும் அது இல்லை. பெண்களைக் கொச்சைப்படுத்துகிறது என்று மாதர் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. கோவையில் வழக்குப் பதிவானது. 2023-ல் 'லியோ' படத்தின் 'நா ரெடி' பாட்டு முதலில் இணையத்தில் வந்தது. போதையையும் புகையையும் பெருமைப்படுத்துகிறது என்று புகார் எழுந்து, படம் தணிக்கைக்குப் போனபோது திரைக்கான வடிவத்தில் கத்தரி விழுந்தது. ஆனால் சவுண்டு அண்ணனின் பென்டிரைவில் இருப்பது திரை வடிவம் இல்லையே! மாதக்கணக்கில் கத்தரிபடாமல் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கல்லூரிக்கும் போய்வந்த வடிவம்தான் அங்கே இருக்கும். தணிக்கை வாரியம் விட்ட வேலை குமாரபாளையத்தில் மடக்கு மேசைக்கு வந்து சேர்கிறது.

இப்போது கல்லூரிப் பக்கம் ஒரு நடை போய் வருவோம். மேடைக்குப் பின்னால் அங்கே ஏசி அறை, பவுடர் வாசம், டீமுக்கு டீம் ஒரே நிறச் சட்டை, கடைசி நிமிஷம் கிழிந்த பேண்ட்டை ஸ்டேப்ளர் அடித்து ஒட்டுகிற பதற்றம். "மச்சி, கவுண்ட் மறந்துட்டேன்டா!" என்ற அலறல். கவனியுங்கள், பெண்கள் டீம்தான் பெரும்பாலும் அதிரடிக் குத்து ஆடும்! பெண்கள் விடுதியில் கதவைச் சாத்திவிட்டு, வாளியைக் கவிழ்த்து மேளமாக்கி அவர்கள் ஆடுகிற ஆட்டத்தை எந்த மேடையும் பார்த்ததில்லை. எந்தப் பாட்டைப் போட்டு என்று கேட்டால் பெருசுகளுக்கு மயக்கம் வரும். அவர்களுக்குப் பாட்டோடு பகை இல்லை. யார் பார்க்கிறார், யார் பிடிக்கிறார், யார் இடிக்கிறார் என்பதோடுதான் பகை.

முக்கிய விருந்தினர் பேசி முடித்து, பரிசு கொடுத்து, தேசிய கீதம் பாடியதும் கல்லூரியிலும் பாய் சுருட்டும் நேரம் வந்துவிடுகிறது. பல இடங்களில் மாணவிகளுக்கு விடுதிக் கதவு முன்னதாகவே அடைத்துவிடும். டே ஸ்காலர் பெண்களுக்குப் பேருந்து கிளம்பிவிடும். டீஜே தொடங்கும்போது முன்னால் ஆண்கள் மட்டும். ஓரத்தில் மிச்சமிருக்கிற கொஞ்சம் பெண்கள் கைகோத்து வட்டம் கட்டிக்கொண்டு வட்டத்துக்குள் ஆடுவார்கள். வட்டம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கூட்டம் எப்படிப்பட்டது என்று உடனே தெரிந்துவிடும். அப்போது வருகிற பாட்டுகளைத்தான் மறுநாள் நிர்வாகம் 'ஆபாசம்' என்று சொல்லி அடுத்த வருஷம் கல்சுரல்ஸையே ரத்து செய்கிறது. 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-ஷர்ட், செல்போன் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு போட்டபோதே இந்த யோசனை பழசு. பிள்ளைகளின் துணியை மாற்றினார்கள், பாட்டுப் பட்டியலை யாரும் கேட்கவில்லை.

வேறு மாதிரி நடக்காதா? நம் கொங்கு மண்ணிலேயே நடக்கிறது! ஈரோடு பெரிய மாரியம்மன் திருவிழாவில் கம்பம் நட்டு, அதைச் சுற்றி ராத்திரி ராத்திரியாக இளைஞர்கள் ஆடுகிறார்கள். வியர்வை ஊற்றுகிறது, ஒருவருக்கும் இரட்டை அர்த்தம் தேவைப்படுவதில்லை. வள்ளி கும்மியைப் பாருங்கள். ஆண்கள் மட்டுமே ஆடிய காலத்தில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துச் சேர்த்துக்கொண்டவர் கோவை மாவட்டத்துப் பத்திரப்பன். 87 வயதில், 2024-ல், அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று கோவை, ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் கோயில் திடலில் பள்ளிப் பெண்ணும் அவள் அம்மாவும் அவள் பாட்டியும் ஒரே வரிசையில், ஒரே நிறச் சேலையில், சலங்கை கட்டி ஆடுகிறார்கள். ராத்திரி பத்து மணி ஆனாலும் பாய் சுருட்டுவதில்லை, ஏனென்றால் பாயில் உட்கார்ந்திருந்தவர்களே எழுந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்! குத்துக்குப் பதில் கும்மி ஆடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் பார்வையாளராகவும் ஆட்டக்காரராகவும் கடைசிவரை இருக்கிற இடத்தில் ஆட்டத்தின் குணமே வேறு. இரண்டு மாதிரிக் கூட்டத்தையும் பின்கட்டிலிருந்து பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ஆகவே விழாக்குழுக்காரர்களே, கல்லூரிக் கல்சுரல் செயலாளர்களே, தயவுசெய்து சில காரியங்களைச் செய்யுங்கள். பென்டிரைவை ராத்திரி அல்ல, மதியமே வாங்குங்கள். பாட்டுப் பட்டியலைக் காகிதத்தில் எழுதச் சொல்லி, ஊரிலோ வகுப்பிலோ இருக்கிற பெண்களை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் அடிக்கிற பாட்டு அடிபடட்டும், அவர்கள் சேர்க்கிற குத்து சேரட்டும். துண்டுச்சீட்டுக்குப் பாட்டு இல்லை என்று நிகழ்ச்சித் தொடக்கத்திலேயே மைக்கில் சொல்லிவிடுங்கள். மேடை விளிம்புக்கும் கூட்டத்துக்கும் நடுவில் சவுக்குக் கட்டை கட்டுங்கள். ஆடுகிற பெண்களுக்குக் கதவுள்ள அறை ஒன்று, தண்ணீர், கழிப்பறை, பேசிய பணம் மொத்தமும். மாணவிகளின் பேருந்தை டீஜே முடிந்த பிறகு கிளப்புங்கள்.

அம்மாக்களே, அக்காக்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒன்பது மணிக்குப் பாயைச் சுருட்டாதீர்கள். திருவிழா உங்களுடையதும்தான், பத்து மணி வரை உட்காருங்கள், உங்கள் பெண்ணையும் உட்கார வையுங்கள், பிடித்த பாட்டு வந்தால் எழுந்து ஆடுங்கள். எவனாவது கை நீட்டினால், கேமராவைத் தாழ்த்தினால், பெண்கள் உதவி எண் 181, காவல்துறை 100.